மடிக்கணினி கண்விழிக்க ஏன் இத்தனை நேரம்?

ஆளியை அழுத்தியதும் மின்குமிழ் எரிகிறது, விசிறி சுழல்கிறது. மடிக்கணினி மாத்திரம் அப்படியன்று. ஆளியை அழுத்திய பின்னரும் அது தன்பாட்டிலே எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறது. திரை கறுக்கிறது, வெளுக்கிறது, மறுபடியும் கறுக்கிறது. பாடம் படிக்கவென்று அதன் முன்னே அமர்ந்த பிள்ளை எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறது. "கணினி பழசாகிவிட்டது, புதியதொன்று வாங்கவேண்டும்" என்று வீட்டிலே பேச்சு எழுகிறது. புதியதொன்று வாங்குவது எல்லாக் குடும்பங்களுக்கும் எளிதான காரியமா? ஆகவே, அந்தச் சிறு பொழுதிலே கணினியின் உள்ளே நடப்பது யாது, அதைக் குறைக்க வல்லவர்கள் அதனை எவ்வாறு குறைத்தார்கள் என்பதை இக்கிழமை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். மாணவர்கள் சற்று ஊன்றிப் படிப்பார்களாக. கடினமான விஷயந்தான், ஆயினும் அடுக்களையிலே நாள்தோறும் நடப்பதைக் காட்டிலும் கடினமானதன்று.

முதலிலே ஒரு தப்பெண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். கணினி தொடங்குவதற்கு நேரம் எடுப்பதால், அது அவ்வளவு நேரமும் ஏதோ கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. இக்காலத்து மடிக்கணினியின் செயலி ஒரு செக்கனிலே நூறு கோடிக்கு மேற்பட்ட முறை துடிக்கின்றது. அத்தகைய விரைவுடைய ஒன்றுக்கு அரைச் செக்கன் என்பது ஒரு யுகம். அந்த யுகத்தின் பெரும் பகுதியை அது கைகட்டி நின்றே கழிக்கின்றது. எவரோ ஒருவர் "ஆயிற்று" என்று சொல்லும்வரை அது காத்திருக்கின்றது. அந்த எவரோ ஒருவர் யார்?

மடிக்கணினி என்பது ஒரு பொருளன்று. பல சாதனங்கள் கூடிய ஒரு குடும்பம். சாவிப்பலகை, விரலால் தடவும் தொடுபலகை, வன்தட்டு, ஒலிப்பகுதி, கம்பியில்லா வலையமைப்பு என ஒவ்வொன்றும் தனித்தனி இயல்புடையது; தனித்தனிப் பாஷை பேசுவது. பணிசெயல் முறைமைக்கு இவற்றின் பாஷை தெரியாது. ஆதலால் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு துபாசி வேண்டும். அந்தத் துபாசியாகிய செய்நிரலே சாதனச் செலுத்தி எனப்படுவது. 'டிரைவர்' என்ற பெயரே நம்மவர் வாயிலே பெரிதும் வழங்குகின்றது. கணினி விழித்தெழும்போது ஒவ்வொரு செலுத்தியும் தன் சாதனத்தை எழுப்ப வேண்டும். மின் கொடுத்து, பழைய நினைவெல்லாம் மறக்கச் செய்து, "நீ யார்?" என்று வினவி, வேண்டிய அமைப்புகளை எழுதி வைத்தல் அதன் வேலை. இவ்வேலைகளுக்குச் செலவாகும் நேரம் அற்பம். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையிலே சாதனத்துக்கு மூச்சுவிட நேரம் கொடுக்க வேண்டும். நேரம் எல்லாம் போவது அங்கேதான்.

சில கணக்குகளைத் தருகின்றோம். பி.சி.ஐ. என்னும் இணைப்பிலே உள்ள ஒரு சாதனத்தை ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பினால், அதனோடு பேசுமுன் 10 மில்லிசெக்கன் பொறுக்க வேண்டும் என்பது விதி. அதன் பின்வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பிலே சாதனத்தை முற்றாக மீட்டமைத்தால் 100 மில்லிசெக்கன் பொறுக்க வேண்டும். யூ.எஸ்.பி. துளையிலே ஒன்று செருகப்பட்டிருப்பதாகத் தெரிந்தால், அந்த இணைப்பு ஆடாமல் அசையாமல் நிலைத்துவிட்டதா என்று பார்க்கவே 100 மில்லிசெக்கன். சுழலும் வன்தட்டு தன் முழு வேகத்தை அடையச் சில செக்கன்கள் செல்லும். இவற்றுள் எதுவும் தனித்துப் பார்த்தாற் பெரிதன்று. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிலே நிறுத்தினால்?

அடுக்களை உவமை இங்கேதான் வருகின்றது. உலை வைத்து அரிசி போட்டவர், சோறு வேகும்வரை பானையைப் பார்த்தபடியே நின்று, சோற்றை இறக்கிய பின்னர் தேங்காய் துருவத் தொடங்கி, சம்பல் ஆன பின்னர் மீனைக் கழுவ ஆரம்பித்தால், மத்தியானச் சாப்பாடு பொழுதுபடும் நேரத்திலேதான் கிடைக்கும். எந்த வீட்டிலும் அவ்வாறு ஒருவரும் சமைப்பதில்லை. ஆனால் நெடுங்காலமாகக் கணினிகள் அவ்வாறே விழித்தெழுந்தன. ஒரு செலுத்தி தன் சாதனத்தை எழுப்பி முடிக்கும்வரை அடுத்த செலுத்தி வாசலிலே நிற்கும். இதற்குக் காரணம் சோம்பலன்று, அச்சம் என்பதைப் பின்னர் காண்போம்.

தொடுபலகையின் கதை சுவையானது. அதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். 1987ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனம் பி.எஸ்./2 என்ற பெயரோடு சில கணினிகளை வெளியிட்டது. அவற்றிலே சுட்டியை இணைப்பதற்குச் சிறிய வட்டமான துளை ஒன்றும், அதனோடு பேசுவதற்கு ஓர் ஒழுங்குமுறையும் இருந்தன. துளை மறைந்துவிட்டது, ஒழுங்குமுறை மறையவில்லை. அதன்பின் வந்த எத்தனையோ மடிக்கணினிகளின் தொடுபலகைகள் உள்ளுக்குள்ளே அந்தப் பழைய சுட்டியின் பாஷையையே பேசின. பல கணினிகளின் சாவிப்பலகைகள் இன்றும் அந்த வழியையே கைக்கொள்கின்றன.

அந்தப் பாஷை மிக நிதானமானது. செக்கனுக்கு 10,000 முதல் 16,700 வரையான துடிப்புகளே அதிலே உண்டு. ஒரு பைற்றை அனுப்பப் பதினொரு துடிப்புகள் வேண்டும். ஆகவே ஒரு பைற்று போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கன். அதோடு முடிந்துவிடாது, அனுப்பிய ஒவ்வொரு பைற்றுக்கும் "கிடைத்தது" என்று சாதனம் ஒரு பைற்று திருப்பி அனுப்பும். அதற்கும் ஒரு மில்லிசெக்கன். "உன்னை மீட்டமைத்துக்கொள்" என்ற கட்டளை கொடுத்தாலோ, சாதனம் தன்னைத்தானே பரிசோதித்து முடிக்க 300 முதல் 500 மில்லிசெக்கன் வரை செல்லும். செயலியின் கணக்கிலே அதற்குள் ஐம்பது கோடித் துடிப்புகள் கழிந்துவிடும்.

இனி, "நீ யார்?" என்று கேட்கும் படலம். பழைய சுட்டியின் பாஷையிலே தொடுபலகை என்பதற்குச் சொல்லே கிடையாது. 1987இலே சுட்டிகளின் பாஷையை வகுத்தவர்கள் அதனை எதிர்பார்க்கவில்லை. பின்வந்த தயாரிப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்தனர். 1986ஆம் ஆண்டிலே பெடரிக்கோ பஜீன், காவர் மீட் என்னும் இருவர் தொடக்கிய சினப்டிக்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். (பஜீன் என்பவர் 1971இல் வெளிவந்த 4004 என்னும் இன்ரெல் நுண்செயலியை உருவாக்கியோருள் முதன்மையானவர், சிறு பொருளிலே பெரிய காரியம் செய்வது அவருக்குப் புதிதன்று.) அந்நிறுவனத்தின் தொடுபலகையை அடையாளம் காணவேண்டுமாயின், "உன் நுண்மையை இவ்வளவாக வைத்துக்கொள்" என்ற சாதாரணச் சுட்டிக் கட்டளையை நான்கு முறை அடுத்தடுத்து அனுப்ப வேண்டும், பின்னர் "உன் நிலை என்ன?" என்று கேட்க வேண்டும். சாதாரணச் சுட்டியாயின், இவன் ஏன் நான்கு முறை ஒன்றையே சொல்லுகிறான் என்று வியந்தாற்போல, தன் நிலையை உள்ளபடி சொல்லும். சினப்டிக்ஸ் பலகையாயின், விடையின் நடுவிலே பதினறும எண்ணிலே 47 என்ற குறியை வைத்து அனுப்பும். சக்கரம் வைத்த மைக்ரோசொப்ட் சுட்டிக்கு வேறொரு தட்டல்: வேகத்தை 200 ஆக்கு, 100 ஆக்கு, 80 ஆக்கு என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் பெயரைக் கேட்க வேண்டும். பிற தயாரிப்பாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் தட்டல் உண்டு. இரவிலே கதவைத் தட்டுபவர் உறவினர்தாம் என்று அறிவதற்கு வீட்டார் வைத்துக்கொள்ளும் இரகசியத் தட்டல் போன்றது இது.

ஒரு தட்டலுக்கு இருபதுக்கு மேற்பட்ட பைற்றுகள் அங்கும் இங்கும் செல்கின்றன. ஏறக்குறைய இருபது மில்லிசெக்கன். உள்ளே இருப்பது யார் என்பது செலுத்திக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே அது ஒவ்வொரு தட்டலாகத் தட்டிப் பார்க்கின்றது. அந்நியமான தட்டல்களைக் கேட்டுச் சாதனம் மயங்கி நின்றுவிடவுங்கூடும் என்பதால், இறுதியிலே அதை மறுபடியும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியதாகின்றது. இவ்வளவும் நடந்து முடியும்வரை வன்தட்டும் ஒலிப்பகுதியும் பின்னால் வரிசையிலே நின்றால் என்னவாகும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

"வீண் காத்திருப்பு அல்லவா! வெட்டி எறிந்துவிட்டால் என்ன?" என்று இளைஞர் கேட்பர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே கேட்டோம். அதனால் விளைந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம்.

எம்மிடம் பழைய மடிக்கணினி ஒன்று உண்டு. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையிலே இயங்குவது. லினக்ஸின் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் கூடியதாகத் திறந்து கிடப்பதால், கைதுறுதுறுத்து, அதன் தொடுபலகைச் செலுத்தியைப் பிரித்துப் பார்த்தோம். மூடிய கணினியைத் திறந்து அது தூக்கத்திலிருந்து எழும்போது, தொடுபலகையை மீட்டமைக்கும் ஒரு வரி இருந்தது. தூங்கி எழுந்த பலகை தன் பெயரை மறந்தா விடும் என்று எண்ணி அந்த வரியை நீக்கினோம். கணினி முன்னிலும் விரைவாக எழுந்தது. பத்து முறை மூடித் திறந்தோம். பத்து முறையும் பிழையில்லை. பெருமையோடு அக்கணினியைத் தம்பியின் மகளுக்குக் கொடுத்தோம். உயர்தர வகுப்பு மாணவி; ஒப்படை ஒன்றை அன்றிரவுக்குள் அனுப்ப வேண்டியவள். இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது.

"பெரியப்பா, அம்பு அசையேல்லை. நான் ஒண்டும் செய்யேல்லை, மூடிப்போட்டுத் திறந்தனான், அவ்வளவுதான்."

அம்பு அசையவில்லை. பலகை செத்துக் கிடந்தது. சாவிகளைக் கொண்டே காரியம் பார்க்கும் வித்தையை அவளுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. தொலைபேசியிலே ஒவ்வொரு சாவியாகச் சொல்லிச் சொல்லி, அந்த ஒப்படையை அனுப்பி முடிக்கப் பத்தரை மணியாயிற்று. நாம் மிச்சம் பிடித்தது அரைச் செக்கனுக்கும் குறைவு. அவள் இழந்தது ஒன்றரை மணி நேரம். எம்மிடத்தில் சில நிமிடமே தூங்கிய பலகை ஒருவாறு பழைய நினைவோடு எழுந்தது; அவள் வீட்டிலே பல மணி நேரம் மூடிக் கிடந்த பின் அதே பலகை வெறுஞ்சுட்டியாக எழுந்து, செலுத்திக்குப் புரியாத பாஷையைப் பேசியிருக்க வேண்டும். செலுத்தி எழுதுபவரின் இக்கட்டு இதுதான். அவர் மேசையிலே இருப்பது ஒரு கணினி. அவர் எழுதியது ஓடுவதோ அவர் ஒருபோதும் காணப்போகாத எத்தனையோ கணினிகளில். காத்திருப்பு என்பது பல வேளைகளிலே அந்தக் காணாத கணினிக்குக் கட்டும் காப்புறுதி.

ஆகவே கேள்வி வேறு விதமாகக் கேட்கப்பட வேண்டும். சாதனம் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அதற்குக் கொடுத்தே ஆகவேண்டுமாயின், மற்றவர்கள் ஏன் அதற்காக நிற்கவேண்டும்?

2008ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரிலே லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாடு நடைபெற்றது. அங்கே ஆர்யன் வான் டி வென், அவுக்கே கொக் என்னும் இருவர், இன்ரெல் நிறுவனத்துப் பொறியியலாளர், ஒரு சின்னஞ்சிறு மடிக்கணினியோடு மேடையேறினர். ஆசூஸ் நிறுவனத்தின் ஈ பி.சி. என்பது அதன் பெயர், மலிவானது, பெரிய வலிமை எதுவும் இல்லாதது. அதிலே லினக்ஸ் ஐந்து செக்கனில் முழுவதும் தொடங்கிவிட்டது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி, கணினியோடு இணங்கிப் படம் காட்டத் தொடங்குமுன்னரே கணினி தொடங்கி முடிந்துவிட்டது என்பதால், அதைக் கையிலே தூக்கிப் பிடித்துச் சபையோருக்குக் காட்ட வேண்டியதாயிற்று. அக்காலத்திலே அது பெரிய அதிசயம்.

அவர்கள் கைக்கொண்ட வழி எமக்கு மிகவும் பிடித்தது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று குறைத்துக்கொண்டு வரவில்லை. மாதச் சம்பளத்தைக் கையிலே வைத்துக்கொண்டு குடும்பத்தலைவி செலவு பிரிப்பதுபோல, முதலிலே ஐந்து செக்கன் என்று வரம்பு கட்டினர். 'கேர்னல்' எனப்படும் உட்கருவுக்கு ஒரு செக்கன், ஆரம்பப் பணிகளுக்கு ஒன்று, திரைச்சித்திர அமைப்புக்கு ஒன்று, மேசைத்திரைக்கு இரண்டு எனப் பங்கிட்டனர். பங்குக்கு மேலே ஒருவரும் செலவழிக்கக் கூடாது. ஏமாற்றுதலும் கூடாது; திரையிலே படம் தெரிந்துவிட்டதால் தொடங்கிவிட்டது என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. செயலியும் தட்டும் வேலை முடிந்து ஓய்ந்த பின்னரே "தொடங்கிற்று" என்று எண்ணினர்.

செலுத்திகள் எல்லாம் வாழ்வது உட்கருவிலே. அவற்றுக்குக் கிடைத்தது அந்த ஒரே ஒரு செக்கன். ஒருவர்பின் ஒருவராக நின்றால் ஒரு செக்கனிலே அடங்காது. எனவே வான் டி வென் அடுக்களை வழியைக் கையாண்டார். நெடுநேரம் காத்திருக்கும் பணிகளை அவரவர் பாட்டிலே ஒரே காலத்தில் நடக்கவிட்டார். 2009ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வந்த லினக்ஸ் 2.6.29 என்னும் பதிப்பிலே இந்த ஏற்பாடு இடம்பெற்றது.

அதிலே ஒரு நுட்பம் உண்டு. எல்லாரையும் ஒரே காலத்திலே எழுப்பிவிட்டால், முந்தி எழுந்தவன் முந்தி ஓடிவந்து பெயரைப் பதிந்துவிடுவான். நேற்று முதலாம் தட்டாக இருந்தது இன்று இரண்டாம் தட்டாகிவிடும். நாளை மறுபடி மாறும். முதலாம் தட்டிலே கோப்புகள் உண்டு என்று நம்பியிருந்தவர் கதி என்ன? இதற்காக ஒவ்வொரு பணிக்கும் தொடங்கும்போதே ஓர் இலக்கச் சீட்டுக் கொடுக்கப்பட்டது. காத்திருக்கும் பகுதி எல்லாருக்கும் ஒரே காலத்திலே நடக்கலாம். ஆனால் பெயர் பதியும் நேரம் வந்ததும், தன்னிலும் சிறிய இலக்கமுடையோர் யாவரும் முடித்துவிட்டார்களா என்று பார்த்தே பதிய வேண்டும். பிள்ளைகள் காலையிலே அவரவர் வீட்டில் ஒரே நேரத்திலே குளித்து உடுத்து வருகின்றனர். வகுப்பிலே வரவு கூப்பிடுவது மாத்திரம் இடாப்பின் ஒழுங்கிலே.

அப்படியிருந்தும் சில கணினிகளிலே தொல்லைகள் தலைகாட்டின. அந்த 2.6.29 பதிப்பிலே இவ்வேற்பாடு தானாக இயங்காதவாறு அடக்கி வைக்கப்பட்டது; விரும்பியவர் மாத்திரம் 'பாஸ்ட்பூட்' என்ற சொல்லைக் கொடுத்து அதனை இயக்கிக்கொள்ளலாம். சில மாதங்கள் சென்று, யூன் மாதத்திலே 2.6.30 வந்தபோதுதான் அது யாவருக்கும் வழக்கமாயிற்று. முன்னே நாம் அச்சம் என்று சொன்னது இதனைத்தான். வரிசையிலே நின்ற காலத்தில், பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனுடைய வேலை முடிந்திருக்கும் என்று சொல்லாமலே நம்பியிருந்தான். அந்த நம்பிக்கை எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. வரிசை கலைந்ததும் எழுதப்படாத அந்த நம்பிக்கைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. "எனக்கு வேண்டியவர் இன்னும் வரவில்லை, என்னைப் பிறகு கூப்பிடுங்கள்" என்று ஒரு செலுத்தி வெளிப்படையாகச் சொல்லும் முறை 2012இல் வந்த 3.4 பதிப்பிலேதான் ஏற்பட்டது.

தொடுபலகை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பி.எஸ்./2 பலகைகளின் தட்டல் படலத்தை லினக்ஸ் நெடுங்காலமாகவே ஒரு தனிப் பணியாளிடம் ஒப்படைத்திருக்கின்றது. கணினி தூக்கத்திலிருந்து எழும் இடத்திலே, மறுபடி இணைப்பதற்கு நேரம் செல்லக்கூடும் ஆதலால் அதனைத் தனியாள் பார்த்துக்கொள்ளட்டும் என்ற கருத்திலே ஒரு சிறு குறிப்பும் மூலநிரலிலே எழுதி வைத்திருக்கின்றனர். அந்தக் குறிப்பைப் படித்த பின்னருங்கூட நாம் கத்தியைத் தூக்கினோம் என்பதை எண்ணும்போது இப்போதும் வெட்கமாகவே இருக்கின்றது.

புதிய மடிக்கணினிகளிலே தொடுபலகைகள் பெரும்பாலும் ஐ2சி என்னும் வேறோர் இணைப்பிலே அமர்ந்துவிட்டன. அதற்கும் இரண்டே கம்பிகள். ஆனால் செக்கனுக்கு நான்கு இலட்சம் துடிப்பு வரை சாதாரணமாகப் போகும். அவற்றுக்கும் கண்விழிக்க நேரம் வேண்டும். லினக்ஸின் உள்ளீட்டுச் சாதனப் பகுதியைப் பராமரித்து வரும் டிமித்ரி தொறொக்கொவ் என்பவரது முயற்சியால், 2015ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியிலே வந்த 4.2 பதிப்பில் ஒரு புதிய வசதி சேர்ந்தது. ஒவ்வொரு செலுத்தியும் "என்னை வரிசைக்கு வெளியே வைத்து எழுப்பலாம்" என்றோ, "என்னை வரிசையிலேயே எழுப்ப வேண்டும்" என்றோ தன் நெற்றியிலே எழுதி வைத்துக்கொள்ளலாம். எலான் நிறுவனத்தின் ஐ2சி தொடுபலகைச் செலுத்தி முதல் வகையிலே தன்னை எழுதிக்கொண்டது. விரலுக்கு வேலை வருவது திரை தோன்றிய பின்னர்தானே. அதற்குள் பலகை ஆறுதலாக எழுந்து வரட்டும் என்பது நியாயம். எல்லாச் செலுத்திகளையும் ஒரேயடியாக வெளியே தள்ளாமல், தன்னை அறிந்தவன் தானே கையெழுத்திடட்டும் என்று விட்டதை நாம் நல்ல தீர்ப்பென்றே கொள்கின்றோம்.

வரிசையைக் கலைப்பது மாத்திரந்தானா வழி? காத்திருப்பைச் சரியாக அளப்பதும் ஒரு வழி. பி.எஸ்./2 பலகையை மீட்டமைத்தால் லினக்ஸ் நான்கு செக்கன் வரை பொறுக்கின்றது. நான்கு செக்கனா என்று திடுக்கிட வேண்டாம். அது உச்ச எல்லை. சாதனம் 400 மில்லிசெக்கனிலே "ஆயிற்று" என்றால் அக்கணமே செலுத்தி அடுத்த வேலைக்குப் போய்விடும். சாதனத்தைக் கேளாமலே, எதற்கும் அரைச் செக்கன் தூங்குவோம் என்று எழுதிவைத்த செலுத்திகளே வீண்செலவு செய்பவை. சாதனத்துக்கு ஐம்பதே போதுமாயினும் அங்கே ஐந்நூறும் கழியும்.

தூக்கத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. செலுத்தி "எனக்கு ஒரு மில்லிசெக்கன் தூக்கம் வேண்டும்" என்று பழைய முறையிலே கேட்டால், உட்கருவின் மணிக்கூடு செக்கனுக்கு நூறு முறை அடிக்கும் கணினிகளிலே இருபது மில்லிசெக்கன் வரை தூங்கிவிடக்கூடும். மணிக்கூட்டின் இரண்டு அடிப்புகளுக்கு இடையே எழுப்ப ஆளில்லை. ஒரு செலுத்தி அவ்வாறு ஐம்பது முறை தூங்கினால், கேட்டது 50 மில்லிசெக்கன், கழிந்தது ஒரு முழுச் செக்கன். 2010ஆம் ஆண்டிலே இதற்கென நுண்ணிய தூக்கம் ஒன்று புதிதாக அமைக்கப்பட்டது. "இதற்குக் குறையாமல், இதற்கு மேற்படாமல்" என்று இரு எல்லை சொல்லிக் கேட்கும் முறை அது. எவரையும் அவசரப்படுத்தாமல், எந்தச் சாதனத்துக்கும் தீங்கு செய்யாமல், நேரத்தை மிச்சம் பிடிக்கும் வழி இது. ஏனோ இதைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசுவதில்லை.

லினக்ஸ் கணினி கைவசமுள்ள மாணவர்கள் இதைத் தாமே பார்க்கலாம். தொடங்கும் கட்டளை வரியிலே 'இனிட்கோல்_டிபக்' என்ற சொல்லைச் சேர்த்துத் தொடக்கினால், ஒவ்வொரு செலுத்தியும் விழிப்பதற்கு எடுத்த நேரத்தை உட்கரு தன் நாட்குறிப்பிலே எழுதி வைக்கும். நேரங்களை மாத்திரம் வரிசைப்படுத்திப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வரிகளிலே பெரும்பாலானவை ஒன்றுமே எடுத்திரா. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே பெரும்பங்கை உண்டிருக்கும். எவை என்று ஊகித்து எழுதிவைத்துவிட்டுப் பின்னர் பார்ப்பது நன்று. எமது ஊகம் முதல்முறை முழுவதும் பிழைத்தது. பார்ப்பதோடு நிற்கட்டும்; எதையும் வெட்ட வேண்டாம். வெட்டித்தான் பார்ப்போம் என்று ஆசை மேலிட்டால், தமது கணினியிலே, பரீட்சை முடிந்த பின்னர், பல மணி நேரம் மூடி வைத்துத் திறந்து பார்க்கவும்.

தம்பியின் மகளின் கணினியிலே நாம் நீக்கிய வரியை மறுநாளே திரும்ப எழுதிக் கொடுத்தோம். மூடித் திறக்கும்போது அம்பு அசைவதற்கு இப்போது ஒரு கணம் தாமதமாகின்றது. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.